ஜனவரியில ஆரை விக்கிறது, ஆரை வச்சிருக்கிறது: ஜூனியர் ஹொக்கி பாத்துப் படிச்ச கொஞ்ச விசயம்

எங்கட சனத்தில கனபேருக்கு ஐஸ் ஹொக்கி எண்டா ரொறன்ரோ லீஃப்ஸ், லீஃப்ஸ் எண்டா சித்திரையில தோத்துப்போட்டு வாறது, அதோட கதை முடிஞ்சுது. ஜூனியர் ஹொக்கி (பெரிய லீக்குக்குப் போக முதல் இளம் பெடியள் விளையாடுறது) எண்டு ஒண்டு இருக்கு, அது எங்கட வீட்டுக்குக் கிட்டவே நடக்குது எண்டு எனக்கும் கனகாலம் தெரியாது. ஸ்காபுரோவில இருந்து டூரம் பக்கம் வீடு மாறின பிறகு மகன்தான் பிடிச்ச பிடியில என்னை ஒஷாவா ஜெனரல்ஸ் எண்ட ஜூனியர் டீமின்ர மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். லீஃப்ஸ் டிக்கெட் ஒண்டின்ர காசுக்கு இஞ்ச குடும்பமே போய் இருந்து பாத்து, பொப்கோனும் வாங்கித் திண்டிட்டு வரலாம், பார்க்கிங்கும் அப்பிடி ஒண்டும் கொள்ளையில்லை. பிறகு சீசன் டிக்கெட்டே எடுத்தாச்சு.

சீசன் டிக்கெட் எடுத்தவைக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு வருத்தம் வரும், அது ஜனவரி பிறந்த உடனே வரும். ட்ரேட் டெட்லைனுக்கு, அதாவது டீமுகள் ஆள் மாத்திற கடைசி நாளான கிட்டத்தட்ட ஜனவரி 10க்கு முதல், எங்கட டீம் விக்கப்போகுதா வாங்கப்போகுதா? நல்லா விளையாடுற பெரிய பெடியளைக் குடுத்திட்டு வருங்காலத்துக்கு பிக்கும் (வருசாவருசம் டீமுகள் முறைவச்சு இளம் பெடியளைத் தெரிவுசெய்யிற டிராஃப்ட்ல ஆள் எடுக்கிற உரிமை) சின்னப் பெடியளும் வாங்கிறதா, இல்லாட்டி இருக்கிறதை எல்லாம் அடுக்கி வச்சு இந்த வருசமே கப்புக்குப் போறதா? பக்கத்து சீட்டில ஒரு வயசான மனுசன் இருக்கிறார், ஜெனரல் மோட்டர்ஸ்ல வேலை செய்து பென்சன் எடுத்தவர் (டீமின்ர பேரே அந்தக் கொம்பனியால வந்ததுதான்), அவரும் நானும் இதைப்பற்றிக் கதைக்காத ஜனவரி இல்லை. அவர் எப்பவும் வாங்கிற கட்சி, நான் அனேகமா விக்கிற கட்சி. ஏன் விக்கிற கட்சி, எங்க மட்டும் விக்கக்கூடாது எண்டு சொல்லுறன் எண்டதைத்தான் இதில எழுதப்போறன்.

முதல்ல கணக்கு விளங்கோணும். ஒன்ராறியோ ஹொக்கி லீக், அதுதான் ஓஎச்எல், 20 டீம். பெடியளுக்கு 16 தொடக்கம் 20 வயசு. 20 வயசுக்காரர் ஒரு டீமில மூண்டு பேருக்கு மேல இருக்கேலாது, அவையைத்தான் ஓவரேஜ் எண்டு சொல்லுறது. அப்ப 19 வயசுப் பெடியன் ஒருத்தன், மீசைகூட ஒழுங்கா முளைக்கேல்ல, அவனை இஞ்ச வெட்டரன் எண்டுவினம். முதல் தரம் கேக்கேக்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனா லீக்கின்ர முழுச் சூட்சுமமும் அதுக்குள்ளதான் இருக்கு. லீஃப்ஸ் விளையாடுற பெரிய லீக்கான என்எச்எல்ல ஒரு நல்ல விளையாட்டுக்காரனை வச்சிருந்தா பத்து வருசம் வச்சிருக்கலாம், இஞ்ச ஏலாது, என்ன செய்தாலும் அவனுக்கு வயசு போகும், போனா அவன் போயிடுவான், சும்மா போவான், ஒரு சதமும் வராது. அதிலயும் என்எச்எல் டீமோட கையெழுத்து வச்ச 19 வயசுப் பெடியன் எண்டா அனேகமா இதுதான் அவன்ர கடைசிக் குளிர்காலம், 20ஆம் வயசுக்குத் திரும்பி வரமாட்டான். டீம் இந்த வருசம் வெல்லாது எண்டு உறுதியாத் தெரிஞ்சா அவனை வித்தா போறது மிச்சம் கிடக்கிற கிட்டத்தட்ட முப்பது மட்ச் மட்டும்தான். விக்காட்டியும் சீசன் முடிய அவன் போறவன்தான். இதை நான் அந்த மனுசனுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன் எண்டு தெரியாது, அவர் ஒவ்வொரு முறையும் "எரிக் லிண்ட்ரோஸ்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கோப்பியைக் குடிப்பார்.

அதிலயும் ஞாயம் இருக்கு. லிண்ட்ரோஸை 1989ல சூ செயிண்ட் மேரி டீம் டிராஃப்ட்ல எடுத்தது, அவர் அங்க போகமாட்டன் எண்டு நிண்டவர், ஒஷாவா அவரை ட்ரேட்ல வாங்கினது, 1990ல மெமோரியல் கப் (ஜூனியர் லீக்குகளில வெண்ட டீமுகள் கடைசியில மோதுற கப்) வந்தது. அந்த மனுசனுக்கு அப்ப இளம் வயசு. அப்பிடி ஒருக்கா வாங்கி வெண்டதைக் கண்ணால பாத்தவரோட பிக், வருங்காலம் எண்டு கதைச்சா எடுபடுமே?

சீட்டுப் போட்ட ஆக்களுக்கு இது கெதியா விளங்கும். 20 பேர் சேந்து சீட்டுப் போடுறம் எண்டு வையுங்கோவன். அவசரம் எண்டு கழிவு கூடக் கேட்டு முன்னுக்கு எடுத்தா கையில காசு வரும், ஆனா பிறகு மாசாமாசம் கட்டத்தான் வேணும். கடைசி மட்டும் பொறுத்தா முழுக் காசு, ஆனா அதுவரைக்கும் தாச்சி, அதாவது சீட்டை நடத்திறவர், ஊரில இருக்கோணும். ஜூனியர் டீமில தாச்சி எண்டது மனேஜர். விக்கிற மனேஜர் கனபேர் அந்த பிக் ஒரு விளையாட்டுக்காரனா வளர்ந்து வாறதுக்குள்ள வேற டீமுக்கோ என்எச்எல் வேலைக்கோ போயிடுவினம்.

அந்த பிக் எவ்வளவு தூரத்தில இருக்கெண்டு ஒருக்காக் கணக்குப் பாருங்கோ. 2024 ஜனவரியில நடந்த ஒரு ட்ரேட்ல 2028 ரெண்டாம் ரவுண்ட் பிக் கிடைச்சுது எண்டு வைப்பம். அந்த டிராஃப்ட்ல எடுபடப்போற பெடியன் 2012ல பிறந்தவன், ட்ரேட் நடக்கேக்க அவன் ஆறாம் வகுப்பு. அவன் வந்து 18, 19 வயசில டீமைத் தூக்கி நிறுத்தேக்க 2031 ஆகிடும். அதுவும் ஹொக்கியை விட்டிட்டு லக்ரோஸுக்குப் போகாம இருந்தா. "அஞ்சு பிக் வாங்கியாச்சு" எண்டு ஆராவது துள்ளினா நான் துள்ளுறதில்லை.

சரி, இப்ப உண்மையா நடந்த ஒண்டைச் சொல்லுறன், இதைவிட வடிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இதில எல்லாப் பக்கமும் இருக்கு.

2022 ஜனவரியில பீற்றர்பரோ பீற்ஸ் தங்கட பெரிய நட்சத்திரம் மேசன் மக்டாவிஷை ஹமில்டன் புல்டோக்ஸுக்கு வித்தது. என்எச்எல் டீம் அனஹைம் 2021 டிராஃப்ட்ல மூண்டாவதா எடுத்த பெடியன். பீற்ஸுக்கு அந்த வருசம் வெல்லுற வருசமில்லை, வித்தது சரி. ஹமில்டன் அவரையும் வச்சு, கிச்னரில இருந்து ஆர்பர் ஜக்காய் எண்ட பெரிய டிஃபென்ஸ்காரனையும் வாங்கி, வின்ட்சரை ஏழாவது மட்ச் வரைக்கும் போய் அடிச்சு ஓஎச்எல் கப்பைத் தூக்கினது. மெமோரியல் கப் இறுதியில செயின்ற் ஜோன் டீமிட்டத் தோத்தது வேற கதை.

அடுத்த வருசம் 2023 ஜனவரி. இப்ப ஹமில்டன் விக்கிற பக்கம், பீற்ஸ் வாங்கிற பக்கம். ஒரு வருசத்தில கடைக்காரனும் கஸ்ரமரும் இடம் மாறிட்டினம். ஹமில்டன் போன வருசம் ப்ளேஓஃப்ல (சீசன் முடிஞ்ச பிறகு கப்புக்காக நடக்கிற தொடர்) சிறந்த விளையாட்டுக்காரன் எண்டு பரிசெடுத்த லோகன் மொரிசனை ஒட்டாவாக்குக் குடுத்தது, ஏவரி ஹேய்ஸையும் கவின் வைட்டையும் பீற்ஸுக்குக் குடுத்தது. பீற்ஸ் அதோட நிக்கேல்ல. மிசிசாகாவில இருந்து ஓவன் பெக்கை வாங்கினது, அந்தச் சீசன்லயே ஃபிளின்ட்ல இருந்து பிரெனன் ஒத்மனையும் வாங்கியிருந்தது. ரெண்டு பேருமே என்எச்எல் எடுத்து வச்சிருந்த பெடியள்.

இவ்வளவும் வாங்கிப்போட்டு பீற்ஸ் சீசன் முடிக்கேக்க லீக்கின்ர கிழக்குப் பிரிவில நாலாவது இடம். நாலாவது! 115 ஹைவேயில பீற்றர்பரோவுக்கு ஏறி அந்தச் சீசன்ல நாங்களும் மட்ச் பாத்தனாங்கள், டீம் பேப்பரில பெரிசா இருந்தாலும் ஐஸில ஒருத்தனை ஒருத்தன் தெரியாத ஆக்கள் மாதிரித்தான் கொஞ்சநாள் விளையாடினவை. "உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா" எண்டு நான் காரில வரேக்க சொல்ல மகன் "பொறுங்கோ அப்பா" எண்டான். பிறகு ப்ளேஓஃப்ல சட்பரியை அடிச்சு, மொரிசனை வாங்கின ஒட்டாவாவை அடிச்சு, நோர்த் பேயை ஏழு மட்ச்ல அடிச்சு, இறுதியில லண்டன் நைட்ஸை ஆறு மட்ச்ல அடிச்சு கப்! பீற்றர்பரோவுக்கு 2006க்குப் பிறகு முதல் கப், 17 வருசம் கழிச்சு. அந்த ஊரின்ர சந்தோசத்தை எந்த பிக்கால வாங்குவியள்?

இப்ப பில் வருது. ஹேய்ஸையும் வைட்டையும் வாங்க பீற்ஸ் குடுத்ததில பிக்குகளோட நிக் லார்டிஸ் எண்ட ஒரு பெடியனும் இருந்தவன், அப்ப 17 வயசு. டீம் மாறின உடனே கோலாக் கொட்டத் தொடங்கினவன், அந்த 2023லயே சிக்காகோ அவனை எடுத்தது. ஹமில்டன் டீம் பிராண்ட்ஃபோர்டுக்கு இடம் மாறினது, அவனும் கூடப் போனவன். 2024-25 சீசன்ல 71 கோல். எழுத்துப்பிழை இல்லை, எழுபத்தொண்டு. 2006-07ல ஜோன் தவாரெஸ் ஒஷாவாவுக்காக 72 அடிச்ச பிறகு இந்த லீக்கில ஒருத்தரும் 70ஐத் தொடேல்ல. அதே 2024-25ல பீற்ஸ் ப்ளேஓஃபுக்கே போகேல்ல, அதுக்கு முந்தின வருசமும் போகேல்ல. 20 டீமில 16 டீம் ப்ளேஓஃபுக்குப் போற லீக்கில ரெண்டு வருசம் தொடர்ந்து வெளியில நிக்கிறது லேசான வேலையில்லை பாருங்கோ.

அப்ப ஆர் வெண்டது இந்த ட்ரேட்ல? லார்டிஸ் 71 அடிச்ச வருசமும் கப் போனது லண்டனுக்கு, பிராண்ட்ஃபோர்டுக்கு இல்லை. பீற்ஸிட்ட கொடி கூரையில தொங்குது. என்னைக் கேட்டா பீற்ஸ் செய்தது சரி. சரி எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் அவை வெண்டது இல்லை, வெல்லக்கூடிய டீமை அவை ஏற்கனவே வச்சிருந்தவை, நாலு வருசமா வளர்த்த பெடியள் ஒரே நேரத்தில பெரிசானவை, கோலியும் (கோல் காக்கிறவர்) சரியா இருந்தது, அதுக்கு மேலதான் வாங்கினவை. அதோட இன்னொண்டையும் கவனியுங்கோ, கப் எடுத்த பிறகு அடுத்த சீசன்ல அவை மூச்சுவிடாம விற்பனைக்கு இறங்கிட்டினம், ஓவன் பெக்கையே சாகினோவுக்கு வித்தவை, சாகினோ 2024ல மெமோரியல் கப்பை சொந்த மண்ணில நடத்தி அதை வெண்டும் போட்டுது, சிறந்த விளையாட்டுக்காரன் ஆர் எண்டா அதே பெக். ஒரு பெடியன், பதினெட்டு மாசத்துக்குள்ள மூண்டு டீம், ரெண்டு பெரிய கப். அந்த ஒரே பெடியன் மிசிசாகாவுக்கும் பிக் குடுத்தான், பீற்ஸுக்கும் கப்பும் பிக்கும் குடுத்தான்.

வாங்கித் தோத்த கதையும் சொல்லோணும், இல்லாட்டி ஞாயமில்லை. அதே 2023 ஜனவரியில வின்ட்சர் ஸ்பிற்ஃபயர்ஸ் கிங்ஸ்ரனில இருந்து ஷேன் ரைட்டை வாங்கினது. கனடாவின்ர ஜூனியர் டீம் கப்டன், அப்பதான் ஹலிஃபக்ஸ்ல தங்கம் வெண்டிட்டு வந்தவர், இதைவிடப் பெரிய பேர் அந்த வருசம் சந்தையில இல்லை. ஈதன் மியடீமா எண்ட நல்ல இளம் பெடியனையும் பிக்குகளையும் குடுத்தவை. வின்ட்சர் மேற்கில முதலாவதா முடிச்சது. முதல் ரவுண்ட்ல எட்டாவதா வந்த கிச்னர் நாலுக்குப் பூச்சியம் எண்டு துடைச்சு அனுப்பினது. அடுத்த வருசம் வின்ட்சர் அடிமட்டம். ஆனா அந்த அடிமட்டத்தால 2024 டிராஃப்ட்ல முதலாவது பிக் கிடைச்சு ஈதன் பெல்செட்ஸ் எண்ட மலை மாதிரிப் பெடியனை எடுத்து 2024-25லயே திரும்ப மேல வந்திட்டினம். அதால நான் வாங்கித் தோத்த டீமைக்கூட அழிஞ்சுபோச்சு எண்டு சொல்லமாட்டன். இந்த லீக்கில ஒரு வருசத்தில விழலாம், ரெண்டு வருசத்தில எழும்பலாம், எல்லாப் பெடியளும் நாலு வருசத்தில மாறிப்போறதால ஒருத்தரும் கனகாலம் மேலயும் நிக்கேலாது கீழயும் கிடக்கத் தேவையில்லை.

கீழயே கிடக்கிற டீம் எது எண்டா நடுவில நிக்கிற டீம்தான். ஒவ்வொரு வருசமும் ஆறாவது, ஏழாவது, முதல் ரவுண்ட்ல அஞ்சு மட்ச்ல வெளியில. 19 வயசுக்காரரை "ப்ளேஓஃபுக்கு வேணும்" எண்டு வச்சிருந்து சும்மா விட்டுவிடுவினம், பிறகு அடுத்த வருசமும் அதே பாட்டு. ரெண்டு ஹோம் மட்ச் டிக்கெட் காசு கூட வரும், அவ்வளவுதான். எட்டில ஒண்டா வாறது பெரிய சாதனை இல்லை. நான் டிசம்பர் கடைசியில என்னை நானே கேக்கிறது ஒரே ஒரு கேள்வி: எங்கட பக்கத்தில முதல் ரெண்டு இடத்தில நிக்கிற டீமை ஏழு மட்ச் தொடரில அடிக்க ஏலுமா? ஏலும் எண்டு நெஞ்சில கைவச்சுச் சொல்லேலாட்டி விக்கோணும். ரேபிளில எத்தினையாவது இடம் எண்டதைப் பாத்துத் தீர்மானிக்கிறவை ஒரு நல்ல கிழமை வந்தா வாங்குவினம், ஒரு கெட்ட கிழமை வந்தா விப்பினம்.

விக்கிறது எண்டு முடிவெடுத்தா ஆரை விக்கிறது எண்டதிலதான் மனேஜர்மார் கெட்டிக்காரரா இல்லையா எண்டு தெரியும். ஒஷாவாக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்ச விற்பனை 2009 ஜனவரி. தவாரெஸ். 15 வயசிலயே விசேச அனுமதியில லீக்குக்கு வந்த முதல் பெடியன், ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடினது, அவரையும் மைக்கல் டெல் சோட்டோவையும் சேத்து லண்டனுக்குக் குடுத்தவை. நான் அப்ப இந்தப் பக்கமே இல்லை, பக்கத்து சீட் மனுசன் இப்பவும் செத்தவீட்டுக் கதை மாதிரித்தான் சொல்லுவார். லண்டன் அந்த வருசம் வின்ட்சரிட்டத் தோத்தது, கப் எடுத்ததும் வின்ட்சர்தான். ஒஷாவாவுக்கு என்ன கிடைச்சுது? பிக்குகள், அதோட கிறிஸ்டியன் தோமஸ் எண்ட ஒரு 16 வயசுப் பெடியன். அவன் ரெண்டு வருசம் கழிச்சு ஒரு சீசன்ல 50 கோலுக்கு மேல அடிச்சவன். தவாரெஸ் போன வருசம் டீம் கீழ இருந்ததால டிராஃப்ட்ல நாலாவதா பூன் ஜென்னர் வந்தவர், பிறகு கொலம்பஸ் டீமுக்கே கப்டனா இருந்தவர். இதைச் சொன்னா மனுசன் "அப்ப கப் எங்க?" எண்டு கேப்பார். கப் 2015ல வந்தது. அப்ப தோமஸும் இல்லை ஜென்னரும் இல்லை.

2015 கப்பில இன்னொரு விசேசம் இருக்கு. மெமோரியல் கப் இறுதி, கெலோனாவோட, ஓவர்டைமில 2க்கு 1. ரெண்டு கோலும் அன்ரனி சிரெல்லி, 17 வயசு. அவரை ஓஎச்எல் டிராஃப்ட்ல ஒரு டீமும் எடுக்கேல்ல. 15 ரவுண்ட், 20 டீம், ஒருத்தர் கண்ணிலயும் படேல்ல. பிறகு சும்மா முயற்சிக்கு வந்து டீமில இடம் பிடிச்சவர். அதே டீம் அந்த ஜனவரியில லண்டனில இருந்து மைக்கல் மக்காரனை வாங்கியும் இருந்தது. அப்ப அந்தக் கப் பிக்கால வந்ததா, வாங்கினதால வந்ததா, ஆள் தேடி ஓடித்திரிஞ்ச ஸ்கௌட்டால வந்ததா? மூண்டும்தான், ஆனா மூண்டாவதைப்பற்றி ஜனவரியில ஒருத்தரும் கதைக்கிறதில்லை. பிக் கனக்கச் சேத்தாலும் அதைப் பாவிக்கத் தெரிஞ்ச ஸ்கௌட் இல்லாட்டி அது வெறும் பேப்பர்.

இதையெல்லாம் பாத்து நான் பிடிச்சு வச்சிருக்கிற ஒரு விசயம், பிக்கை மட்டும் வாங்கிறதைவிட பிக்கோட ஒரு 16, 17 வயசுப் பெடியனையும் சேத்துக் கேக்கோணும். லார்டிஸ் அப்பிடி வந்தவன், தோமஸ் அப்பிடி வந்தவன், கிங்ஸ்ரனுக்கு மியடீமா அப்பிடி வந்தவன். இந்த வயசுப் பெடியனை நீங்கள் ஏற்கனவே லீக்கில விளையாடிப் பாத்திட்டியள், என்ன சாமான் எண்டு தெரியும், அடுத்த வருசமே வேலை செய்வான். வாங்கிற டீம் கப் வெறியில நிக்கேக்கதான் அப்பிடி ஒரு பெடியனை விடும், மற்ற நேரம் கேட்டா போனை வச்சிடுவினம்.

மற்றது, எல்லாரையும் விக்கக்கூடாது. ரீபில்ட், டீமைத் திரும்பக் கட்டுறம் எண்டு சொல்லி 18 வயசுக்காரரையும் சேத்து அள்ளிக் குடுத்த டீமுகளின்ர மட்ச் பாத்திருக்கிறன், 16 வயசுப் பிள்ளையள் 20 வயசு ஆம்பிளையளிட்ட அடிவாங்கி அடிவாங்கி பக்கை (பந்துக்குப் பதிலா அடிக்கிற வட்டத் தட்டு) தொடவே பயப்படுவினம். ஒரு நல்ல ஓவரேஜ் டிஃபென்ஸ்காரனும் ஒரு அனுபவக் கோலியும் இருந்தா அதே பிள்ளையள் தோத்தாலும் 3க்கு 2 எண்டு தோப்பினம், அதில படிப்பினம். மேற்குப் பக்கம் எட்மன்டன் ஒயில் கிங்ஸ் 2022ல அங்கத்தைய ஜூனியர் லீக்கான டபிள்யூஎச்எல் கப் எடுத்திட்டு அடுத்த வருசமே லீக்கில கடைசி. அங்க டிலன் கென்தர் எண்ட பெடியன் அந்தச் சீசன்ல ட்ரேட்ல சியாட்டிலுக்குப் போனவர், சியாட்டில் அந்த வருசம் கப் எடுத்தது. கணக்குப்படி எட்மன்டன் செய்தது பிழையில்லை. ஆனா அந்தச் சீசன் டிக்கெட்டுக்குக் காசு கட்டின சனத்தின்ர நிலைமையையும் நினைச்சுப் பாக்கோணும், நான் அந்தச் சனத்தில ஒருத்தன்.

இதில ஒரு விசயம் டிவியில வராது, பேப்பரிலயும் அவ்வளவா வராது. வேற ஒரு ஊரில, ஊரின்ர பேர் வேண்டாம், எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா குடும்பம் பில்லெட் வச்சிருந்தவை. பில்லெட் எண்டா வெளியூரில இருந்து வாற ஹொக்கிப் பெடியனை வீட்டில ஒரு பிள்ளை மாதிரி வச்சுச் சாப்பாடு போட்டுப் பாக்கிறது, டீம் மாசம் கொஞ்சக் காசு குடுக்கும், அந்தக் காசு அந்தப் பெடியன் திண்ணுறதுக்கே காணாது எண்டு அக்கா சொல்லுவா. பெடியனுக்கு 18 வயசு, கடைசி வருசப் பள்ளிக்கூடம். ஜனவரி முதல் கிழமை ட்ரேட் பண்ணிட்டினம். ஒன்ராறியோவில முதல் செமஸ்டர் சோதினை ஜனவரிக் கடைசியில வரும், டெட்லைன் அதுக்கு முதல். மூண்டு மணித்தியாலம் தள்ளி இன்னொரு ஊர், இன்னொரு வீடு, இன்னொரு பள்ளிக்கூடம், சோதினைக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு. டீமுக்கு அது ஒரு பிக் கணக்கு. அக்கா ரெண்டு நாளா பள்ளிக்கூட ஓஃபிஸுக்குப் போனடிச்சு, ரீச்சர்மாரோட கதைச்சு, சோதினையை அங்க இருந்தே எழுத ஒழுங்கு பண்ணினவா. "பெத்த தாய் அல்பேர்ட்டாவில இருக்கிறா, நான்தானே இஞ்ச" எண்டு சொன்னவா. பெடியன் புது டீமில நல்லா விளையாடினவன், ப்ளேஓஃப்ல ரெண்டாம் ரவுண்டுக்கும் போனவன், அக்காவுக்கு இப்பவும் மெசேஜ் போடுவான்.

இப்ப எங்கட பிள்ளையளும் கொஞ்சக் கொஞ்சமா ஹொக்கிக்குள்ள போகினம், அதால இதை வாசிக்கிற தாய் தகப்பனுக்கு ஒண்டு. உங்கட பிள்ளையை ஒரு டீம் எடுத்து ஒப்பந்தம் நீட்டினா, காசையும் ஐஸ் நேரத்தையும் மட்டும் கேக்காதேங்கோ. ட்ரேட்டுக்குப் பிள்ளையின்ர சம்மதம் வேணும் எண்டு ஒரு வரி போடலாமா, ஒவ்வொரு சீசனுக்கும் சேருற யுனிவசிற்றி ஸ்கொலர்ஷிப் டீம் மாறினா எப்பிடிப் போகும், பள்ளிக்கூட விசயத்துக்கு டீமில ஆர் பொறுப்பு, இதை எல்லாம் எழுத்தில கேளுங்கோ. சம்மதம் வேணும் எண்டிருந்தா பெடியனிட்ட ஒரு துருப்புச்சீட்டு இருக்கு, எந்த ஊருக்குப் போறன் எண்டு அவனும் ஒரு சொல்லுச் சொல்லலாம்.

இனி எல்லாத்தையும் குழப்பிற விசயத்துக்கு வாறன். அமெரிக்கக் கொலிஜ் ஹொக்கி, என்சிஏஏ, முந்தி ஓஎச்எல் மாதிரி மேல்மட்ட ஜூனியர் லீக்கில விளையாடின பெடியளை எடுக்காது. 2024 நவம்பரில அதை மாத்திட்டினம், 2025 ஓகஸ்ட் 1ல இருந்து எடுக்கலாம். உடனேயே மெடிசின் ஹட்டில இருந்து கவின் மக்கெனா பென் ஸ்ரேட்டுக்குப் போயிட்டார், பிராம்ப்டனில இருந்து போர்ட்டர் மார்ட்டோன் மிஷிகன் ஸ்ரேட்டுக்குப் போயிட்டார். முந்தி எண்டா இப்படிப் பெடியள் என்எச்எல் டீமுக்கு ரெடி இல்லாட்டி ஜூனியருக்குத்தான் திரும்பி வரோணும், வேற கதவில்லை. இப்ப கதவு திறந்திட்டுது.

இதால என்ர கணக்கும் மாறிப்போச்சு. முந்தி 18 வயசு நட்சத்திரத்தை வச்சிருந்தா அடுத்த வருசமும் அவன் இருப்பான் எண்டு நம்பி "இந்த வருசம் பொறுத்து அடுத்த வருசம் வாங்குவம்" எண்டு சொல்லலாம். இப்ப அந்த அடுத்த வருசம் இருக்குமோ தெரியாது, வசந்தகாலத்தில அவன் ஒரு கொலிஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டு படம் போட்டிடுவான். அப்ப 18 வயசுக்காரரை விக்கக்கூடாது எண்டு மேல சொன்னதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு: அடுத்த வருசம் திரும்பி வாறியா எண்டு பெடியனையும் வீட்டாரையும் இருத்தி நேர கேக்கோணும், வரமாட்டான் எண்டா அவனும் 19 வயசுக்காரன் கணக்குத்தான். கேக்கிறதுக்கு வெக்கப்படுற மனேஜருக்கு ஜூன் மாசத்தில பிக்கும் இல்லை பெடியனும் இல்லை. அதே நேரம், பெரிய பேர்கள் வெளிக்கிடுறதால 20 வயசு ஓவரேஜ்காரரின்ர பெறுமதி கூடும் எண்டு நினைக்கிறன், முந்தி நாலாம் அஞ்சாம் ரவுண்ட் பிக்குக்கு மாத்தினவையை இனி அவ்வளவு மலிவா விடக்கூடாது.

சீசன் டிக்கெட்காரருக்குச் சில்லறை விசயம் சில. 19 வயசுக்காரன்ர பேர் அடிச்ச ஜேர்சியை கிறிஸ்மஸுக்கு வாங்காதேங்கோ, வாங்கிறதெண்டா 16 வயசுப் பெடியன்ர பேர், இல்லாட்டி அந்தக் காலத்தில ஒஷாவாவில விளையாடின பொபி ஓரின்ர பேரோட ரெண்டாம் இலக்கம், அவர் இனி எங்கயும் ட்ரேட் ஆகமாட்டார். டெட்லைன் முடிஞ்ச உடனே வாற முதல் ரெண்டு மட்சையும் பாத்து டீமைத் திட்டாதேங்கோ, வந்த பெடியளுக்கு லொக்கர் எது எண்டே தெரியாது. அடுத்த வருச டிக்கெட் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரேக்க எத்தினை மட்ச் வெண்டம் எண்டு பாக்காதேங்கோ, 17 வயசுக்காரர் எத்தினை பேர் முதல் ரெண்டு லைனில (கூட நேரம் ஐஸில நிக்கிற ஆக்கள்) விளையாடுகினம் எண்டு பாருங்கோ. மூண்டு நாலு பேர் இருந்தா காசைக் கட்டுங்கோ. ஒருத்தரும் இல்லாம 19, 20 வயசுக்காரரை வச்சு ஏழாவதா வந்திருந்தா, நான் எண்டா பாதிச் சீசன் பக்கேஜ்தான் எடுப்பன்.

வாற ஜனவரியும் அந்த மனுசன் வாங்கச் சொல்லித்தான் நிப்பார். நான் இந்த முறை அவருக்குச் சொல்லப்போறது, என்எச்எல் கையெழுத்து வச்ச 19 வயசுக்காரரைக் குடுத்து ஒரு 17 வயசுப் பெடியனும் ரெண்டு பிக்கும் வாங்குவம், ஓவரேஜ் கோலியைத் தொடவேண்டாம், 18 வயசுக்காரரிட்ட முதல்ல கேட்டுப் பாப்பம். அவர் லிண்ட்ரோஸ் எண்டுவார். நான் சிரெல்லி எண்டுவன். அதுக்குள்ள ரெண்டாம் பீரியட் தொடங்கிடும்.